டிரையர் மேல் வைத்த ஈரத்துணி

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் தயாரிப்பு முழுவதற்கும் பொறுப்பாக இருந்த பழைய டீமேக்கர் ஓய்வு பெற்றுப் போன நாளில், கூட்டத்திலேயே அதிகமாக அழுதவன் நான்தான் என்று எஸ்டேட்டில் இன்னும் சொல்வார்கள். நான் அழவில்லை.

அது ஜனவரி மாதம். தொழிற்சாலை முற்றத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நான் வழக்கம்போலக் கடைசியில் நின்றேன். கடைசி என்பது பள்ளத்தாக்கின் விளிம்பு. கீழே இருந்து காற்று ஏறி வந்து நேராக முகத்தில் அடித்தது. காற்றுப் பட்டால் என் கண் குழாயைத் திறந்துவிட்டது போல ஊற்றும். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. மாலையும் கழுத்துமாகப் பேசிக்கொண்டிருந்த டீமேக்கர் என்னைப் பார்த்துவிட்டார். பேச்சை நிறுத்தினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

"இத்தனை வருசத்துல எங்கிட்ட நாலு வார்த்தை பேசியிருப்பானா இவன்? மனசுக்குள்ள எவ்வளவு வெச்சிருக்கான் பாருங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். காற்றுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவருடைய மாலையிலிருந்த சம்பங்கி என் மூக்கில் குத்தியதால் தும்மல்தான் வந்தது. அதையும் விம்மல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எஸ்டேட் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை போனேன். வாத்தியார் கண்ணில் படாமல் உட்காருவது எப்படி என்பதுதான் அங்கே நான் நன்றாகப் படித்த பாடம். அப்படிப்பட்டவனுக்கு டிரையர் வேலை கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். டிரையர் என்பது ஓர் அறை அளவு இரும்புப் பெட்டி. அரைத்துப் பக்குவப்பட்ட ஈரத்தூள் ஒரு பக்கம் உள்ளே போகும். விறகு அடுப்பிலிருந்து வரும் சூடான காற்று அதற்குள் சுழலும். மறுபக்கம் வாய் வழியாகக் கறுப்புத் தேயிலையாக உதிரும். அந்த வாயில் நின்று கைப்பிடி எடுத்துப் பார்ப்பது, முகர்வது, சூட்டைக் கூட்டிக் குறைப்பது, இவைதான் என் வேலை. அங்கே இருக்கிற இரைச்சலில் யாரும் யாரிடமும் பேச முடியாது. கையைக் காட்டினால் போதும். இருபத்திரண்டு வருடம் அந்த இரைச்சலுக்குள் நிம்மதியாக இருந்தேன்.

கண்ணில் முதலில் மணல் விழுந்த மாதிரிதான் இருந்தது. தூளில் பறக்கும் நார் என்று நினைத்துக் கசக்கினேன். கசக்கினால் எரிந்தது. எரிந்தால் சிவந்தது. பஜாரில் மருந்துக் கடைக்காரரிடம் விரலால் கண்ணைக் காட்டினேன். அவர் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். போட்டதும் சிவப்பு மறைந்தது. சாயங்காலம் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. மாதக்கணக்கில் அதைப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

புது டீமேக்கர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். வந்த இரண்டாவது வாரமே ஒரு காலையில் தூள் தீய்ந்துபோனது. வெப்பம் காட்டும் முள் எனக்கு இரண்டு முள்ளாகத் தெரிந்தது. எது சரியான முள் என்று பார்த்துக்கொண்டு நின்றதில் நேரம் போய்விட்டது. அவர் தூளை முகர்ந்து பார்த்துவிட்டு என்னை வெளியே கூட்டிப்போனார்.

"ஏனுங்கண்ணா, ராத்திரி ஏதாச்சும் குடிச்சீங்களா?"

"இல்லீங்க சார்."

"கண்ணு ரெண்டும் செவச்செவன்னு இருக்குது. உடம்பு சரியில்லைன்னா சொல்லுங்க. கோடை மழை விழுந்துட்டா இலை கூடிரும். அப்ப டிரையர்ல இப்படி ஆச்சுன்னா நான் பதில் சொல்ல முடியாது. அதுக்குள்ள கண்ணைச் சரி பண்ணுங்க. இல்லாட்டி உங்களை இலை வாங்கற எடத்துக்கு மாத்திடறேன். அங்க சூடு இல்லை, புகை இல்லை."

அவர் என் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் அந்த இடத்தை நான் அறிவேன். இலை வாங்குகிற இடம் என்றால் தொழிற்சாலை வாசல். சுற்று வட்டாரச் சிறு விவசாயிகள் மூட்டை மூட்டையாக இலை கொண்டுவருவார்கள். எடை போட வேண்டும், துண்டுச்சீட்டு எழுத வேண்டும், இலை முற்றல் என்றால் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவர்கள் படகர் பாஷையில் ஒன்று கேட்பார்கள், தமிழில் ஒன்று திட்டுவார்கள். நாள் முழுதும் பேச்சுதான். அங்கே நிற்பதைவிடக் கண் இல்லாமலே டிரையரில் நிற்கலாம் என்று அன்று நினைத்தேன். அவ்வளவு பயம்.

அந்த ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை லீவு போட்டு, தனியாகக் குன்னூருக்குப் பஸ் ஏறினேன். கண் டாக்டர் ஒரு பெண்மணி. என் கண்ணில் மஞ்சள் மருந்தைத் தொட்டு, நீல விளக்கை அடித்து, "இமைக்காமப் பாருங்க" என்றார். அவரே எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... அவ்வளவுதான், காஞ்சு போச்சு."

"தண்ணி ஊத்துதுங்களே" என்றேன். அன்று நான் சொன்ன பெரிய வாக்கியம் அதுதான்.

"அதுதாங்க வேடிக்கை. கண்ணுத் தண்ணி மேல எண்ணெய் மாதிரி ஒரு ஏடு இருக்கணும். அது இருந்தாத்தான் தண்ணி காயாம நிக்கும். உங்களுக்கு அந்த ஏடு இல்லை. கண்ணு சீக்கிரம் காயுது, காஞ்சதும் எரியுது, எரிஞ்சதும் பயந்துபோய்த் தண்ணியைக் கொட்டுது. கொட்டற தண்ணி நிக்காம ஓடிருது."

இமை ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"உங்க ஊட்டுல தேங்காயெண்ணெய் பாட்டில்ல உறைஞ்சு போகுதில்ல, அதே மாதிரி இங்க எண்ணெய் உறைஞ்சு அடைச்சிருக்குது. தினம் ரெண்டு வேளை, துணியை நனைச்சு, சூடு பண்ணி, மூடுன கண்ணு மேல பத்து நிமிசம் வைங்க. இளகும். அப்புறம் இமையை இப்படித் தடவி விடுங்க. அந்தச் சிவப்பு போக்கற மருந்தைத் தூக்கிப் போட்டுருங்க. நான் தர்ற சொட்டு மருந்து வேற. என்ன வேலை செய்யறீங்க?"

"எஸ்டேட்டுங்க."

"சூடு, புகை, தூசி எதுலயாவது நிக்கறீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

பொய் சொல்லவில்லை. டிரையரின் சூடு எனக்கு அதுவரை ஒருநாளும் சூடாகத் தோன்றியதில்லை. விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, உள்ளே போய் அந்த வாயருகே நின்றால் உடம்பு மெல்லத் தளரும். அது இதம். இதத்தை யாராவது டாக்டரிடம் நோய் என்று சொல்வார்களா? அவர் என்னை இலை பறிக்கிற இடத்தில் மேஸ்திரி என்று நினைத்துக்கொண்டார். "நல்ல காத்து, நல்ல எடம்" என்றார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் எதைச் சூடு பண்ண வேண்டுமானாலும் டிரையருக்குத்தான் வரும். அதன் மேல்தகட்டில் பத்துப் பன்னிரண்டு சோற்று டப்பாக்கள் எப்போதும் இருக்கும். மழைக்காலத்தில் நனைந்த ஸ்வெட்டர், காலுறை, ஒருமுறை ஒரு பள்ளிக்கூடப் பை கூடக் காய்ந்தது. குளிர்காலத்தில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் உறைந்த தேங்காயெண்ணெய் பாட்டில்களைக் கொடுத்து அனுப்புவார்கள். அரைமணியில் இளக்கிக் கொடுப்பேன். டாக்டர் தேங்காயெண்ணெய் என்று சொன்ன உடனே என் மனம் நேராக டிரையருக்குப் போய்விட்டது. பஸ்ஸில் திரும்பும்போது, இவ்வளவு சுலபமா என்று சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் முதல் வேலைக்கு நடுவிலேயே வைத்தியம் ஆரம்பித்தேன். துணியை நனைத்துச் சோற்று டப்பாக்களுக்கு இடையில் வைப்பேன். சூடானதும் அங்கேயே சுவரில் சாய்ந்து கண்ணில் வைத்துக்கொள்வேன். பத்து நிமிடம் ஆவதற்குள் துணி மொடமொடவென்று காய்ந்துவிடும். மறுபடி நனைப்பேன். துணி முழுக்கத் தேயிலை நார் ஒட்டியிருக்கும். உதறிவிட்டு வைப்பேன். சூடான காற்று காதுவழியாகவும் கழுத்துவழியாகவும் போய்க்கொண்டிருக்கும். அடுப்பில் விறகு போடும் கூட்டாளி ஒருவன் வந்து, என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, காதருகே கத்தினான்.

"என்றா, ரெண்டு கண்ணையும் டீத்தூள்னு நெனச்சுக் காயப் போட்டுட்டியா?"

அவன் சொன்னது சரி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஆறு வாரம் ஒருநாள் தவறாமல் செய்தேன். காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்காது. வெளிச்சத்தைப் பார்த்தால் ஊசி குத்தும். வைத்தியம் எனக்குப் பலிக்காது என்று முடிவு கட்டி, மார்ச் மாதத்து மேகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். மழை வந்தால் இலை கூடும். இலை கூடினால் வாசல்.

என் மனைவி இலை பறிக்கப் போகிறவள். நான் பேசாத பேச்சையெல்லாம் எங்கள் வீட்டில் அவள்தான் பேசுவாள். இரண்டாம் முறை அவளும் கூட வந்தாள். டாக்டர் கருவிழியைப் பார்த்துவிட்டு முகம் மாறினார். மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கின்றன என்றார்.

"சூடு வெச்சீங்களா, இல்லையா?"

"வெச்சேனுங்க."

"எதுல சூடு பண்ணுனீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். மனைவி முந்திக்கொண்டாள்.

"ஏனுங்க, எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே. டாக்டரம்மா, ஊட்டுல ஒரு நாளும் இவிய சூடு வெச்சு நான் பாக்கலீங்க."

"டிரையர் மேலீங்க" என்றேன்.

"டிரையரா? தலைமுடி காய வெக்கறதா?" என்றார் டாக்டர்.

"அய்யோ, அது இல்லீங்க டாக்டரம்மா! பேக்டரில தூளு காய வெக்கற மிசினு. ஒரு ஊடு பெருசு இருக்கும். இருவத்தி ரெண்டு வருசமா அதோட வாயிலதான் இவிய நிக்கறாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். கடைசியில் இரண்டையும் செய்தார்.

"நான் சூடு, புகைன்னு கேட்டப்ப இல்லீங்கன்னு சொன்னீங்களே!"

"அது இதமா இருக்குமுங்க" என்றேன்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வைத்தியம் அவள் கைக்குப் போனது. துணியை இட்லிச் சட்டியில் வேகவைத்தாள். உண்மையாகத்தான். மூன்று குழியில் மாவு, ஒரு குழியில் சுருட்டிய வெள்ளைத்துணி. வெந்ததும் எடுத்து, ஆற்றி, தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்து, பிறகுதான் என் கண்ணுக்கு வரும். ஆவிச்சூடு ஈரத்தோடு இருந்ததால் துணி காயவில்லை. பத்து நிமிடம் கண்ணை மூடி, இட்லி மணத்துக்குள் படுத்திருப்பேன். அவள் அடுப்படியிலிருந்து லயத்துக் கதையெல்லாம் சொல்வாள். கண் மூடியிருக்கிறவன் பதில் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்தப் பத்து நிமிடம் மிகவும் பிடித்துப்போனது. பிறகு மேலிமையை மேலிருந்து கீழாக, கீழிமையைக் கீழிருந்து மேலாக மெல்லத் தடவுவேன். சொட்டு மருந்து நாலு வேளை. படுக்கும்போது பசை மாதிரி ஒரு மருந்து. அதைப் போட்டால் உலகம் மூடுபனிக்குள் போனது போலத் தெரியும், ஆகவே போட்டதும் தூங்கிவிட வேண்டும்.

இமைப்பதையும் கற்றுக்கொண்டேன். முள்ளை உற்றுப் பார்க்கும்போது நான் இமைப்பதே இல்லையாம். முழுதாக மூடித் திறக்க வேண்டும் என்றார் டாக்டர். ஐம்பது வயதில் இமைக்கப் பழகியவன் நான்.

டிரையரில் நிற்கும்போது பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி போடச் சொன்னார். போட்டேன். விறகுக் கூட்டாளிக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "ஏப்பா பைலட்டு, எப்ப எறங்கற?" என்று இரண்டு கையையும் விரித்து என்னைச் சுற்றி ஓடினான்.

மூன்று வாரத்தில் காலையில் இமை ஒட்டுவது நின்றது. கீறல் ஆறியது. ஆனால் சாயங்காலம் ஆனால் மறுபடி மணல். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "இது முழுசா விட்டுப் போற வியாதி இல்லீங்க. பாத்துக்கிட்டா நல்லா இருக்கலாம். ஆனா நீங்க ஊட்டுல சேர்த்து வெக்கறதை அந்த மிசினு சாயங்காலத்துக்குள்ள எடுத்துருது. எடம் மாறாம நடக்காது."

அந்த வாரமே மலை மேல் முதல் இடி இடித்தது.

இதற்கிடையில் ஒன்றைக் கவனித்திருந்தேன். டிரையருக்குப் போகும் வழியில் பர்மென்டிங் ரூம் இருக்கிறது. அரைத்த பச்சை இலை செம்பு நிறத்துக்கு மாறும் வரை பரப்பி வைக்கிற அறை. அங்கே காற்று காயக்கூடாது என்று, மெல்லிய தண்ணீர்த்தூவலை மிஷின்கள் விட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கடக்கும்போது என் கண் அடங்கிப்போகும். யாரோ உள்ளே ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டது போல. சில நாட்களாக, செருப்பை மாட்டுவது போல நடித்துக்கொண்டு, அங்கே இரண்டு நிமிடம் அதிகமாக நின்றேன்.

அதை மனைவியிடம் சொன்னேன்.

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்குங்க? சார்கிட்டச் சொல்லுங்க."

"நீ வந்து சொல்லேன்."

"டாக்டர்கிட்ட நான் சொன்னேன். இதுக்கு நான் வரமாட்டேன். இது உங்க வேலை, உங்க கண்ணு." இட்லித் துணியை என் கண் மேல் வைத்து, கொஞ்சம் பலமாகவே அழுத்தினாள்.

மறுநாள் டீமேக்கர் டிரையர் பக்கம் வந்தபோது அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனேன். இத்தனை வருடத்தில் நான் யார் கையையும் அப்படிப் பிடித்ததில்லை. வழியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"சார், என்ற கண்ணுக்குச் சூடு ஆகாதுங்க. டாக்டர் சொல்லிட்டாங்க. இலை வாங்கற எடம் எனக்கு வேண்டாமுங்க, எனக்குப் பேச வராது. பர்மென்டிங் ரூம்ல போடுங்க. அங்க ஈரக்காத்துங்க. கண்ணு மங்குனாலும் மூக்கு நல்லா இருக்குதுங்க."

அவர் என்னையே பார்த்தார். "பேச வராதுன்னு இவ்வளவு பேசறீங்களேண்ணா" என்றார்.

பிறகு உள்ளே போய் மூன்று கைப்பிடி தூள் கொண்டுவந்து, மேசையில் தனித்தனியாக வைத்தார். கண்ணை மூடச் சொன்னார். முதலாவது பச்சை வாடை போகவில்லை, இன்னும் நேரம் வேண்டும் என்றேன். இரண்டாவதில் பழுத்த ஆப்பிள் மாதிரி ஒரு மணம், இப்போதே டிரையருக்குப் போக வேண்டும் என்றேன். மூன்றாவதில் தடுமாறினேன். மறுபடி முகர்ந்தேன்.

"இதுல அந்த ரெண்டையும் கலந்து வெச்சிருக்கீங்க சார்."

அவர் சிரித்துவிட்டார். "மாட்டலையே நீங்க" என்றார். உடனே முகம் வாடியது. "ஆனா அங்க இருக்கற அண்ணனை நான் என்ன பண்றது?"

அங்கே இருந்தவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும், பேசியதில்லை. அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவருக்கு மூட்டுவலி. ஈரத்தில் நின்று நின்று முழங்கால் மடங்காமல், டிரையர்காரனுக்கு வந்த வாழ்வைப் பாரு என்று வீட்டில் தினமும் சொல்வாராம். "கேட்டாக் குடுப்பீங்களான்னு தெரியாமயே விட்டுட்டேனுங்க" என்றார். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு கதவுதான்.

இப்போது இரண்டு வருடமாக இந்த அறையில் இருக்கிறேன். இங்கே இரைச்சல் குறைவு. தூள் கிளறும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். சில சமயம் நானும் ஒன்று சொல்வேன். சட்டைப்பையில் சொட்டு மருந்து இருக்கிறது. இட்லி சுடாத நாளிலும் இட்லிச் சட்டியில் துணி வேகிறது. உறைபனிக் காலத்தில் டிரையர் வாயின் இதம் நினைவுக்கு வரும். அங்கே எட்டிப் பார்த்தால், என்னோடு இடம் மாறிக்கொண்ட புது டிரையர்காரர், "கண்ணு, கண்ணு" என்று கத்தி என்னைத் துரத்திவிடுவார்.

போன மாதம் பழைய டீமேக்கர் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார். இந்த அறைக்குள் நுழைந்தவர் என்னைக் கண்டதும் நின்றார். தண்ணீர்த்தூவல் என் முகமெல்லாம் படிந்து கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவர் கண் கலங்கியது. கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"இன்னுமாடா என்னைப் பாத்தா அழுகற?"

"இது மிசினுத் தண்ணிங்க" என்றேன். பிறகு, வாய் திறந்தது திறந்ததுதான் என்று, "அன்னிக்கும் அழுகலீங்க. காத்துங்க. கண்ணுல வியாதிங்க" என்றேன்.

தூள் கிளறும் பெண்கள் இருவரும் கையை நிறுத்திவிட்டார்கள். அவர் விரித்த கையை இறக்கினார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"அத்தனை பேருல நீ ஒருத்தன்தான் அழுதேன்னு எங்கூட்டுக்கு வர்றவங்க கிட்டயெல்லாம் சொல்லிட்டிருக்கேன். அதையெல்லாம் இனி மாத்திச் சொல்ல மாட்டேன் பாத்துக்க."

"சொல்ல வேண்டாமுங்க" என்றேன்.

தூளில் பழுத்த மணம் எழ ஆரம்பித்திருந்தது. அவரும் அதை முகர்ந்தார். நான் கையை உயர்த்தினேன், பெண்கள் தட்டுகளை டிரையர் பக்கம் தள்ளினார்கள்.